ஜட்ஜம்மா வீட்டுப் பலகை

தூரிகையின் காம்பைக் கடித்துக்கொண்டேதான் தங்கதுரை பேசுவார். கையில் பீங்கான் பலகை, வாயில் ஊர்க்கதை. விருத்தாசலத்து வாசல்களில் தொங்கும் பெயர்ப்பலகைகளில் பாதி அவர் நீலத்தில் எழுதிச் சூளையில் சுட்டவை. எழுதின பெயர் அழியாது, கேட்ட சேதி தங்காது. "நமக்கெதுக்குங்க ஊர் வம்பு?" என்று ஆரம்பித்தாரானால் எதிரே இருப்பவர் உட்கார இடம் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

வாடகைக்குக் குடிவந்த ஜட்ஜம்மாவுக்கும் அவர்தான் பலகை செய்தார். "என் பேரு இவ்ளோ அழகா இருக்கும்னு இன்னிக்குத்தாங்க தெரியுது" என்று அந்தம்மா சொன்னதில் மனிதர் உருகிப்போனார். "அந்தத் தெருவுல போங்க, நம்ம போர்டு தெரியும், அதான் ஜட்ஜம்மா வூடு" என்று டீக்கடையிலிருந்து பெண்ணாடம் பஸ் கண்டக்டர்வரை சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

மணல் வழக்கு ஒன்றில் ஜட்ஜம்மா தண்டனை கொடுத்த பிறகு, முகம் தெரியாத ஆட்கள் அந்தம்மா வீட்டைத் தேடிப் பைக்கில் சுற்ற ஆரம்பித்தார்கள். கோர்ட்டில் வேலை பார்க்கும் வெண்மதி பட்டறைக்கே வந்து பொரிந்து தள்ளினாள். "ஜட்ஜுங்க விலாசத்த வெளிய வுடக்கூடாதுன்னு சட்டம் வேணும்னு பேசிக்கிட்டு இருக்காங்க. நீங்க வாய மூடுனாலே பாதி சட்டம் வந்த மாதிரிண்ணே!"

தங்கதுரை செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டார். பாவம், நல்ல அம்மா. ஓடிப்போய்ப் பலகையைக் கழற்றிவிட்டு, ஒரு எழுத்தும் இல்லாத வெள்ளைப் பலகையை மாட்டினார்.

மறுநாள் ஜட்ஜம்மா பேருக்கு வந்த பார்சலோடு புதுக் கொரியர்க்காரர் தெருவில் நின்று யோசித்தார். "எல்லா வூட்லயும் எதாச்சும் எழுதியிருக்குது, இது மட்டும் மொட்டையா இருக்குது. அப்ப இதான் ஜட்ஜம்மா வூடு." நேராகப் போய் மணியடித்தார். தங்கதுரை தலையில் அடித்துக்கொண்டு, "கொளஞ்சியப்பர் துணை" என்று ஊர்ச் சாமி பெயரை எழுதி மாட்டினார். அந்தத் தெருவில் முக்கால்வாசி வாசலில் அதே வாசகம்தான். பலகை அடங்கிவிட்டது. இனி அடங்க வேண்டியது வாய் ஒன்றுதான்.

நேற்றுப் பட்டறை வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் கேட்டான். "அண்ணே, ஜட்ஜம்மா வூடு எதுங்க? ஒங்களுக்குத் தெரியாத வூடா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் ஆளைக் கொன்றது. பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தங்கதுரை சட்டென்று தூரிகையை வாயில் திணித்து இறுகக் கடித்தார், நீலம் தோய்ந்த பக்கமாக. உதட்டோரம் சாயம் வழிய வழிய, பைக் தெருமுனையைத் தாண்டும்வரை இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.