மூன்று நாள் காய்ச்சல்

அந்தமானின் டாலிகஞ்சில் நஜ்மாக்காவின் ஜவுளிக் கடைக்குத் துணி வாங்கப் போகிறவர்களைவிட நோயைச் சொல்லப் போகிறவர்கள்தான் அதிகம். ஊரிலிருந்து போர்ட் பிளேருக்குப் பிழைக்க வந்து, இந்தி தெரியாமல் முழிக்கும் தமிழர்களில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும், அக்கா கடையைப் பூட்டிவிட்டுக் கைப்பையோடு கிளம்பிவிடுவார். ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை எந்த டாக்டர், எந்த வரிசை சீக்கிரம் நகரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நோயாளி வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. திறந்தால் அக்காவுக்குக் கோபம் வரும்.

அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். யாருக்கு என்ன நோய் என்றாலும் அதோடு மூன்று நாள் காய்ச்சலையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன் திண்டுக்கல்லிலிருந்து ஆபீஸ் மாற்றலில் இங்கே வந்த புதிதில், பல்வலி என்று அக்காவோடு போனேன். “தீன் தின் ஸே புகார் பீ ஹை” என்றார். பல்லைப் பார்க்க வேண்டியவர்கள் மலேரியா இருக்கிறதா என்று என் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். நான் முதன்முதலில் கற்றுக்கொண்ட இந்தி வார்த்தையே ‘புகார்’தான். காய்ச்சல் என்று அர்த்தம்.

“ஏங்க்கா பொய் சொன்னீங்க?”

“உனக்கென்ன தெரியும் உமா! ராம்நாட்லேருந்து நான் கல்யாணமாகி வந்த புதுசு. வயித்துவலி. வயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன், டாக்டர் தலையே தூக்கல. சீட்ட எழுதி நீட்டிட்டாரு. எனக்குப் பின்னாடி நின்னவ புகார்னு சொன்னா. பேனாவ வச்சிட்டு அவ மூஞ்சியப் பாத்தாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.”

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் காய்ச்சலால் யாருக்கும் விரல்நுனி வலித்ததைத் தவிர வேறு கெடுதல் வந்ததில்லை. காத்தமுத்து வரும்வரை.

காத்தமுத்து புதுக்கோட்டைக் கொத்தனார். சிமெண்டு மூட்டையைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. மறுநாள் சாயங்காலம் சென்னைக் கப்பல், எட்டாம் நாள் மகளுக்குக் கல்யாணம். அதை விட்டால் அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள். விமானமென்றாலே பயம்; அதில் ஏறச் சொன்னாலோ, கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடிய ஆள். காதுவலிக்காரியான என்னையும் முதுகுவலிக்காரரையும் அக்கா ஒரே ஆட்டோவில் ஏற்றினார்.

டாக்டர் பிரியங்கா புதிதாக வந்தவர், சின்ன வயசு, வட அந்தமானில் திக்லிபூர்ப் பக்கத்துப் பெங்காலிப் பெண். அக்கா வழக்கம்போல முதுகுவலியோடு மூன்று நாள் காய்ச்சலையும் சேர்த்தார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

காய்ச்சலோடு முதுகுவலியா? சேற்றுத் தண்ணீரில் வேலை பார்ப்பவரா? அக்கா, கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை. மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா? ஒன்று கொடுத்தேன் என்று அக்கா இன்னொரு பொய்யை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். எலிக் காய்ச்சலாக இருக்கலாம், கிட்னியைப் பிடித்துவிடும், ரெண்டு நாள் படுக்க வைத்து ரத்தம் பார்க்க வேண்டும், நடுக்கடலில் ஏதாவது ஆனால் யார் பார்ப்பது, கப்பல் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர்.

அக்கா முகம் செத்துவிட்டது.

கட்டிலில் காத்தமுத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். காய்ச்சல் தன் பெயரில் எழுதப்பட்டது அவருக்குத் தெரியாது. முதுகைப் பார்த்தே டாக்டர் எலியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

“அக்கா, குளுருதுக்கா. மெய்யாலுமே குளுருது.”

“ஃபேன் தலைக்கு மேல சுத்துது, குளுராம என்ன பண்ணும்?”

“பிள்ளைய யாருக்கா தார வாத்துக் குடுப்பா?” என்றவர், அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார்.

அக்காவை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். “போயி உண்மையச் சொல்லுங்க.”

“சொன்னா, நாளைப்பின்ன நான் யாரக் கூட்டிட்டு வந்தாலும் நம்புவாங்களா? நம்ம ஆளுங்க எல்லாம் வாயில்லாம நிப்பாங்களே உமா!”

“அதுக்கு இவரு பொண்ணு மணவறையில அப்பா இல்லாம நிக்கணுமா?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். “டாக்டர் ஸாஹப், ஓ புகார் உஸ்கா நஹீ. மேரா ஹை.” அவருடையதில்லை, என்னுடையது. டாக்டர் எழுந்து அக்காவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் அக்கா வயிற்றுவலி தொடங்கி எல்லாவற்றையும் இந்தியில் கொட்டினார். முப்பது வருடக் காய்ச்சல். டாக்டரின் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் நேராகக் காத்தமுத்துவின் கட்டிலுக்குப் போனார். அக்கா பேச வாயைத் திறந்தார். டாக்டர் ஒரு விரலைக் காட்டி நிறுத்தினார். காத்தமுத்துவின் முகத்தைப் பார்த்து இந்தியில் கேட்டார். அவர் தமிழில், சிமெண்டு மூட்டையைத் தூக்குகிற மாதிரி கையால் காட்டி, “இங்க, இந்த எடத்துல” என்றார். டாக்டர் எலும்பு எலும்பாக அமுக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் “ஆத்தாடி!” என்று ஒரு சத்தம். அதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தசைப்பிடிப்புதான். ஊசி, மாத்திரை, இடுப்புக்கு ஒரு பெல்ட். கப்பலில் தாராளமாகப் போகலாம்.

கதவோரத்தில் நின்ற அக்கா அழுதார். “காய்ச்சலே இல்லாம பாக்குறா உமா. அன்னைக்கு என்னை ஒருத்தரும் இப்படிப் பாக்கலியே.”

அந்தப் பொய்யை இனி என்னால் கேலி செய்ய முடியாது.

காத்தமுத்து மறுநாள் கப்பலேறி, வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டிக்கொண்டே மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். போட்டோ வந்தது.

அன்றைக்கு அவரை அனுப்பிய பிறகு என் முறை வந்தது. “கான் மே தர்த்” என்று சொல்லிவிட்டு அக்கா நிறுத்திக்கொண்டார். காதுவலி, அவ்வளவுதான். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “புகார்?”

அக்கா எச்சிலை விழுங்கினார். “நஹீ.”

பிறகு என் பக்கம் குனிந்து, தமிழில் கிசுகிசுத்தார். “வேணும்னா நீயே சொல்லிக்க.”