அப்பாவுக்கு வந்த மாலை

புருசனும் பெண்சாதியும் கைகோத்துக்கொண்டு தெருவில் நடப்பதை எங்கள் ஊர் முதன்முதலில் கண்டது வெள்ளையப்புவும் வெள்ளையாச்சியும் வந்த பிறகுதான். இருவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். பேரப்பிள்ளைகளைக் கண்டு, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று, வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்கவேண்டிய வயதில், தங்கள் சபையின் ஊழியத்துக்கென்று அமெரிக்காவிலிருந்து தொண்டைமானாற்றுக்கு வந்திருந்தார்கள். கனடாவுக்குப் போய்விட்ட ஒருவரின் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுடைய உண்மைப் பெயர் ஊராரின் வாயில் நுழையவில்லை. பிள்ளைகள் நாங்கள் வைத்த பெயர்தான் கடைசிவரை நிலைத்தது.

விடிந்தும் விடியாததுமாக இருவரும் நடக்க வருவார்கள். அப்புவுக்கு அந்த நேரத்திலும் வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியும் வேண்டும். ஆச்சி கணுக்கால் வரைக்கும் பாவாடையும் தலையில் ஓலைத் தொப்பியுமாக வருவார். ஒருவரில்லாமல் மற்றவர் படலைக்கு வெளியே கால் வைக்கமாட்டார்கள். அது அவர்களுடைய சபையின் ஒழுங்கு என்று சொன்னார்கள். ஒழுங்கு இல்லாவிட்டாலும் அவர்கள் அப்படித்தான் நடந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். முற்றம் கூட்டிக்கொண்டிருக்கும் அம்மா அவர்கள் எங்கள் வேலியைக் கடக்கும்வரை விளக்குமாற்றை நிறுத்திவிட்டு நிற்பார். பிறகு கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டுவார்.

வந்த புதிதில் ஊர் அவர்களோடு கோபித்துக்கொண்டது. காரணம் தேத்தண்ணீர். எந்த வீட்டுக்குப் போனாலும் நீட்டிய தேத்தண்ணீரை இருவரும் கும்பிட்டு மறுத்துவிட்டார்கள். கடற்தொழில் செய்கிற எங்களுக்கு இந்த மறுப்பு புதிதல்ல. எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஆட்களைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் நாங்கள். "உள்ளூர்ச் சாதிமான்கள் காணாதெண்டு இப்ப கப்பலிலையும் வந்து இறங்கினமோ?" என்றார் மாமா. மாமா அம்மாவின் தம்பி. வாயும் வள்ளமும்தான் அவருடைய சொத்து.

பிறகு ஒருநாள் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து இருந்த ஆச்சி, அம்மா குடித்துவிட்டு வைத்திருந்த செம்பையே எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தார். தேயிலையும் கோப்பியும் அவர்கள் மதத்தில் விலக்கு என்பது அப்போதுதான் தெரியவந்தது. மாமாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விறுவிறென்று போய் இரண்டு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார்.

மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்ற கதையும் இல்லாமலில்லை. ஆனால் சன்னதி முருகன் கோயில் திருவிழாவில் இரண்டு பேரும் மடத்தில் சனத்தோடு சனமாக நிலத்தில் இருந்து அன்னதானச் சோறு சாப்பிட்டார்கள். சாப்பிட்ட அப்புவால் எழும்ப முடியவில்லை. இரண்டு பேர் கமக்கட்டில் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். "முருகன்தான் உவையை மாத்திப்போடுவான் போல கிடக்கு" என்று மாமா சொல்லிச் சிரித்தார். சன்னதியில் சோறு தின்றவரை ஊர் அதற்குப் பிறகு வேற்றாளாகப் பார்க்கவில்லை.

சனிக்கிழமைகளில் சனசமூக நிலையத்தில் ஆச்சி எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவார். மொழிபெயர்க்க உரும்பிராயிலிருந்து ஒரு ரீச்சர் பஸ்ஸில் வருவார். அப்புவின் வேலை வேறு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எங்கள் சனத்திடம் எஞ்சியிருந்த படங்கள் எல்லாம் நனைந்தவை, கறையான் அரித்தவை, ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. அப்பு அவற்றைக் கணினியில் ஏற்றி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, மூக்கும் வாயும் திருத்தி, பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். கூலி கிடையாது. அப்படித் திருத்தக் கொடுத்த படங்களில் இருந்தவர்கள் அநேகமாக இறந்துபோனவர்கள். கொடுத்த கையோடு வீட்டுக்காரர் சுவரில் மாட்டி, மாலை போட்டு, கும்பிட்டு அழுவார்கள். அப்பு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் வீட்டிலும் ஒரு படம் இருந்தது. அப்பா அடையாள அட்டைக்கென்று எடுத்த படம்.

அப்பா ஒருநாள் காலையில் வள்ளத்தின் இயந்திரத்துக்குச் சாமான் வாங்கச் சாவகச்சேரிக்கு பஸ் ஏறியவர். சண்டைக்காலம் அது. பஸ்ஸால் இறங்கியதைக் கண்டவர்கள் உண்டு, அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. எனக்கு அப்போது பல்லும் முளைக்கவில்லை. அம்மா அந்தப் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆமி முகாம் முகாமாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். மடித்து, விரித்து, மழையில் நனைந்து, நெற்றியில் ஒரு வெடிப்பு விழுந்து, இடது கண் முற்றாக அழிந்துபோயிருந்தது.

அம்மா பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. அப்பாவுக்குத் திவசம் செய்யவுமில்லை. ஊருக்கு இது பெரிய சங்கடமாக இருந்தது. மாமாவின் கலியாணத்தில் ஆராத்தி எடுக்கக் கூடப்பிறந்தவளைக் கூப்பிடவேண்டிய இடத்தில் ஆட்கள் ஆளையாள் பார்த்தார்கள். யாரோ ஒரு பெரியம்மா தட்டைத் தூக்கிக்கொண்டார். அம்மா அடுப்படிக்குப் போய் அப்பளம் பொரித்தார். கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு ஊர் அம்மாவை இருத்தி வைத்திருந்தது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் சிநேகிதி வீட்டுச் சுவரில் அவளுடைய அப்பா மாலையும் மின்னுகிற சின்ன லைற்றுமாக ராசா மாதிரி இருந்ததுதான். வருசத்தில் ஒருநாள் அவருக்கு வடை பாயாசத்தோடு படையல் நடக்கும். எங்கள் அப்பா மட்டும் கைப்பைக்குள் மடிந்து கிடந்தார். எனக்கு அது பெரிய வெட்கமாக இருந்தது.

அம்மா படத்தைத் திருத்தக் கொடுக்கப்போகிறார் என்றதும் மாமா குறுக்கே விழுந்தார்.

"அக்கா, இருக்கிறதே உந்த ஒரு படம். உவை கொண்டுபோய்த் துலைச்சுப்போட்டினமெண்டால் என்ன செய்வியள்?"

"முகம் விளங்காத படத்தைக் காட்டி ஆரிட்டைப் போய்க் கேக்கிறது, தம்பி? கந்தோரிலை இருக்கிறவை, இது ஆரெண்டே தெரியேல்லை எண்டு சொல்லுகினம். ஆளை ஆளாய்த் தெரியவேணும்."

அப்பு படத்தை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். இல்லாத கண்ணை எப்படிச் செய்வது என்று ரீச்சர் மூலம் கேட்டார். அம்மா என்னைப் பிடித்து முன்னே தள்ளினார். "இவளின்ரை கண் அப்பிடியே தேப்பன்ரை கண்" என்றார். அப்பு என் முகத்துக்குக் கிட்டே கமராவைக் கொண்டுவந்து, சிரிக்கவேண்டாம் என்று சைகை காட்டிப் படம் எடுத்தார். அப்பாவைத் தேடுகிற வேலையில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

படம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா முழுகி, வீடு மெழுகி, விளக்கேற்றியிருந்தார். ரீச்சருக்குக் காய்ச்சல் என்பதால் அன்றைக்கு அப்புவும் ஆச்சியும் தனியாகவே வந்தார்கள். ஆச்சியின் கையில் துணியால் சுற்றிய பெரிய பொதி இருந்தது. விறாந்தையில் வைத்து மெதுவாகப் பிரித்தார்.

அப்பா இரண்டு கண்ணாலும் எங்களைப் பார்த்தார். நெற்றியில் வெடிப்பு இல்லை. நல்ல தேக்குச் சட்டம். சட்டத்தைச் சுற்றி யாழ்ப்பாணக் கடையில் வாங்கிய சந்தனச் சீவல் மாலை.

அவர்கள் என்ன கண்டார்கள், பாவம். திருத்திக் கொடுத்த படத்துக்கெல்லாம் இந்தச் சனம் மாலை போட்டுக் கும்பிடுகிறது, அதுதான் இங்கத்தை மரியாதை என்று விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்த அம்மா வசதியில்லாதவர், மாலையையும் நாங்களே வாங்கிப் போட்டுக் கொடுப்போம் என்று இருவருமாகப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். ஆச்சி மாலையின் குஞ்சத்தைச் சரிசெய்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்கடை அப்பாவுக்கும் மாலை வந்திட்டுது" என்று நான் கைதட்டிக் குதித்தேன்.

மாமா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு சேலைத்தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு, மாலையை இரண்டு கையாலும் பக்குவமாகக் கழற்றி, உள்ளே கொண்டுபோய்ச் சாமித்தட்டில் இருந்த முருகன் படத்துக்குப் போட்டார். திரும்பி வந்து, "நல்ல வடிவாய்ச் செய்திருக்கிறியள், ஐயா. அப்பிடியே ஆள்தான்" என்றார். அவர்களுக்கு எலுமிச்சந்தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்.

அவர்கள் போனபிறகு மாமா தொண்டை கிழியக் கத்தினார். "இருக்கிற மனிசனுக்கு மாலை போட உவைக்கு ஆர் உத்தரவு குடுத்தது? அதைத் தாங்கோ, கடலிலை எறிஞ்சிட்டு வாறன்." அம்மா கொடுக்கவில்லை. படத்தைத் தன் கூறைச்சேலைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சுவரில் மாட்டவில்லை. நான் அழுதேன், அடி வாங்கினேன்.

விசயம் ரீச்சரின் காதுக்குப் போய், அவர் மூலமாக அவர்களுக்குப் போனது. மூன்று பேரும் வந்தார்கள். அப்பு விறாந்தைக்கு ஏறாமல் வெயிலிலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஆச்சி முழங்கால் வலியோடு அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாலையைத் தாங்கள் திருப்பி எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்கிறார்கள் என்றார் ரீச்சர்.

"சாமிக்குப் போட்டதை ஆரும் திருப்பி எடுக்கிறதே, ரீச்சர்? அது கிடக்கட்டும். தெரியாமல் செய்ததுக்கு அழக்கூடாதெண்டு சொல்லுங்கோ." அம்மா ஆச்சியின் வீங்கிய முழங்காலைப் பார்த்துவிட்டு, வேப்பெண்ணெய் எடுத்துவந்து சூடுகாட்டித் தேய்த்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வந்தவர் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். அதற்குப் பிறகு இருவரும் பாசையே இல்லாமல் நல்ல சிநேகிதமாகிவிட்டார்கள். காலையில் நடக்க வருகிற ஆச்சி எங்கள் படலையடியில் நின்று அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுத்தான் போவார். அம்மா பெரிய படத்திலிருந்து எடுப்பித்த சின்னப் படத்தைக் கொண்டு பழையபடி கந்தோர்களுக்குப் போய்வந்தார்.

அவர்களுடைய ஊழியக் காலம் முடிந்தது. புறப்படுகிற நாளன்று மத்தியானம் ஊரே அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. கொழும்புக்குப் போகிற வானில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் இளநீர்க் குலையோடு போயிருந்தார். அம்மா மட்டும் தலையிடி என்று வரவில்லை. ஆச்சியின் கண் கூட்டத்தைத் தடவிக்கொண்டு வந்து என்னில் நின்றது. தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா எங்கே?" என்று கேட்டார். கூட்டிக்கொண்டு வாறன் என்று நான் ஓடினேன்.

எங்கள் படலை கொளுவியிருந்தது. வேலி ஓட்டைக்குள்ளால் புகுந்து போனேன். அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. நான் அதுவரை கேட்டிராத குரல். கதவைத் தள்ளினேன்.

கதிரையில் அப்பாவின் படம் இருந்தது. முருகனின் மாலை அப்பாவின் கழுத்தில் இருந்தது. முன்னால் ஒரு விளக்கு. அம்மா தலையை விரித்துப்போட்டு நிலத்தில் இருந்து, தாலியைக் கையில் பொத்திப் பிடித்தபடி, "எந்த மண்ணிலை என்ரை ராசா கிடக்கிறியள், எந்த மண்ணிலை கிடக்கிறியள்" என்று செத்தவீட்டில் பெண்கள் சொல்லி அழுகிற மாதிரி, வெளியில் கேட்காத சத்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது.

"அம்மா, வெள்ளையாச்சி உங்களைக் கேக்கிறா. கெதியா வாங்கோ, வான் வெளிக்கிடப் போகுது."

அம்மாவின் குரல் நின்றது. ஆனால் எழும்பவில்லை. முகம் கழுவிவிட்டுப் பொட்டு வைக்க மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பொட்டில்லாமல் அம்மா வாசலுக்கு வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஓடிப்போய்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டை எடுத்து வந்து அவர் நெற்றியில் வைத்து விரலால் அழுத்தினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு எழும்பித் தலையை முடிந்தார். விளக்கை ஊதி நூர்த்தார். மாலையைக் கழற்றி முருகனுக்குப் போட்டார். அப்பாவைக் கூறைச்சேலையில் சுற்றினார். திடீரென்று வந்துவிட்ட விருந்தாளிக்காக வீடு ஒதுக்குகிறவர்போல எல்லாம் கடகடவென்று நடந்தது.

நாங்கள் படலைக்கு வரவும் வான் எங்கள் ஒழுங்கையால் வரவும் சரியாக இருந்தது. ஆச்சி யன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டினார். அம்மா அந்தக் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். வான் போனபிறகும் அழுகை நிற்கவில்லை. "பாவம், வெள்ளைக்கார மனிசியிலை சரியான பாசமும் வாரப்பாடும்" என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். தக்க நேரத்தில் அம்மாவைக் கூட்டிவந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்றைக்கும் அம்மா பொட்டோடுதான் இருக்கிறார். அப்பாவை அழுவதற்கு ஊரில் ஒருவரும் அவருக்கு இடம் கொடுத்ததில்லை. அதற்கு வழி விட்டவர்கள் ஒன்றும் தெரியாத இரண்டு வெள்ளைக்காரக் கிழடுகள்தான். ஊர் முழுக்க அவர்களை வழியனுப்பப் போயிருந்த அந்த மத்தியானத்தில், அம்மாவுக்கு அழுது முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.