நாத்தனார் முடிச்சு

எங்கள் வீட்டில் மின்விசிறி கிடையாது. மலேசியாவின் கேமரன் மலையில் பாதி வீடுகளில் இருக்காது. லெம்பா பெர்த்தாமில் நடுப்பகலிலும் ஸ்வெட்டரோடு முட்டைக்கோஸ் வெட்டிப் பழகியவள், போன மாதம் மதுரையில் ஒரு லாட்ஜ் அறையில் விசிறிக்குக் கீழே வியர்த்து வடிந்துகொண்டிருந்தேன். பிறந்த ஊரின் வெக்கையை உடம்பு மறந்திருந்தது. அதைவிட விசித்திரம், சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்கு வந்தவள் லாட்ஜில் தங்கியது. “வீட்டுல ஒரே கூட்டம்க்கா. நீ இங்கன நிம்மதியா இரு” என்றான் குமரன். அக்கறை என்று நம்பினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் டவுன்ஹால் ரோட்டில் இறங்கி நடந்தேன். அடேயப்பா, என்ன கூட்டம்! எங்கள் மலையின் பிரிஞ்சாங் இரவுச் சந்தையைப் பார்த்து வாய் பிளக்கிறவர்களை இங்கே கொண்டுவந்து விட வேண்டும். பைக்கால் இடிக்க வந்தவன் என்னையே திட்டிவிட்டுப் போனான், அதுவும் இனித்தது. நான் ஜிகர்தண்டா குடித்த கடை இப்போது செல்போன் கடை. மல்லிகை அளந்த பூக்காரி என் வெறுங்கழுத்தைப் பார்த்ததும் கையைத் தயங்கி நிறுத்தினாள். “கல்யாணப் பொண்ணுக்கு” என்றேன். என் வீட்டுக்காரர் கோலா தெர்லா சாலையில் காய்கறி லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கதையையெல்லாம் பூக்காரியிடமா சொல்ல முடியும்?

அம்மா இறந்தபின் குமரனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். நான் கல்யாணமாகி மலேசியாவுக்குக் கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டில் தேம்பித் தேம்பி அழுதான். “நீ வந்து நாத்தனார் முடிச்சு போட்டாத்தான்க்கா எனக்குக் கல்யாணம்” என்றான். எங்கள் பக்கம் மாப்பிள்ளை ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவான். மற்ற இரண்டையும் அவன் உடன்பிறந்தவள்தான் போட வேண்டும். தாலி இழந்தவள் தாலியைத் தொடலாமா என்று நாலு பேர் கேட்பார்கள், தெரியாதா? போனில் நானே அதைக் கேட்டேன். “எவன் கேட்டா என்னக்கா? நீதான் போடுற” என்றான்.

“கார் அனுப்புறேன், அதுவரைக்கும் கெளம்பாத” என்று சொல்லியிருந்தான். காலையில் பட்டுச்சேலை கட்டிக் காத்திருந்தேன். காருக்கு முன்னால் போன் வந்தது, பிரிஞ்சாங்கிலிருந்து. என் வீட்டுக்காரரின் தங்கை மாலா, அங்கே காய்கறிக் கடை வைத்திருப்பவள். “அண்ணி, எங்க இருக்கீங்க? கடையில எல்லாரும் லைவ்ல பாத்துட்டு இருக்கோம். தாலி கட்டிட்டாங்க, உங்கள காணோமே லா!” கடல் தாண்டி இருக்கிறவள் பார்த்துவிட்டாள். இங்கே இருக்கிற நான் பார்க்கவில்லை.

ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். “சீக்கிரம் போங்க லா” என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். “மலேசியாவா மேடம்? கல்யாணம் முடிஞ்சதும் மீனாட்சி கோயில், மகால் எல்லாம் சுத்திக் காட்டுறேன்.” நான் சிம்மக்கல்லில் பிறந்தவள் என்றேன். “பரவாயில்லயே, தமிழ் நல்லா பேசுறீங்க” என்றார்.

மண்டபத்தில் பந்தி தொடங்கியிருந்தது. சித்தப்பா மகள் முடிச்சைப் போட்டிருந்தாள். குமரன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “பொண்ணு வீட்டுல சங்கடப்படுவாங்கன்னு... நீ மொதல்ல சாப்பிடுக்கா.”

கேமரனில் மட்டும் எல்லாரும் உத்தமர்களா என்று கேட்காதீர்கள். அங்கேயும் ஆரத்தித் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் முகத்துக்கு நேரே நின்று வாங்கினார்கள். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டேன். குமரன் சொல்லியிருந்தால் நானே ஒதுங்கியிருப்பேன் என்று எழுத வருகிறது. பொய். சண்டைதான் போட்டிருப்பேன். அந்தச் சண்டையைக்கூட எனக்குக் கொடுக்காமல் நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான்.

மலைக்குத் திரும்பி வந்ததும் அந்த வீடியோவைக் காட்டச் சொன்னேன். “வேணாம் அண்ணி” என்றாள் மாலா. அன்று கடை இரைச்சலில் அவளுக்குக் கேட்காத பேச்சை, பிறகு போட்டுப் பார்த்தபோது கேட்டிருக்கிறாள். நான் விடவில்லை. குமரன் முதல் முடிச்சைப் போடுகிறான். “நாத்தனார் எங்கே?” என்று ஐயர் கேட்கிறார். தம்பி தலையை நிமிர்த்தி, கொஞ்சமும் தடுமாறாமல் சொல்கிறான்:

“அக்கா வரல சாமி. மலேசியாவுலயே இருக்காங்க.”

அந்த நேரம் நான் அதே மதுரையில், லாட்ஜ் ஜன்னலில், எந்தக் கார் எனக்கு என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.