மூடிய பக்கத்துக்கு தினமும் வந்தவர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. கணவர் மைன்ஸுக்கு ஷிப்ட் போய்விடுவார். நான் வீட்டிலிருந்தே நாலைந்து இணையதளங்கள் நடத்துகிறேன். அந்தத் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. யாரோ புதுப்பிக்காமல் விட்ட தளத்தின் பெயரை வாங்கிப் போட்டால், பழைய ஆளைத் தேடி வருகிறவர்கள் நம்மிடம் வந்துவிடுவார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போன குடும்பத்தைத் தேடிக்கொண்டு ஆள் வருமே, அதே கதைதான்.

அப்படித்தான் செல்போன் ரிப்பேர் பற்றிய ஒரு பழைய தளத்தின் பெயரை வாங்கினேன். முகப்பில் பண்ருட்டி முந்திரி விளம்பரம் போட்டேன். ஆட்களும் வந்தார்கள். யார், எந்தப் பக்கத்துக்கு, எங்கிருந்து வருகிறார்கள் என்று தளத்தின் வருகைக் கணக்கு காட்டும். ஆனால் ஒருவர் மட்டும் முகப்புப் பக்கமே வரமாட்டார். தினமும் காலையில், முதல் ஷிப்ட் சங்கு ஊதி அடங்கியதும், ‘என்னைப் பற்றி’ என்ற பழைய பக்கத்துக்கு நேராக வருவார். அப்படியொரு பக்கமே இப்போது கிடையாது. வெறும் வெள்ளைத் திரைதான். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கிருந்து வருகிறார் என்று பார்த்தேன். நெய்வேலி என்று காட்டியது. எழுந்து போய்ப் பின்கதவைத் தாழ் போட்டேன். கணவரிடம் சொன்னால், இப்போதெல்லாம் பேய்க்கும் டேட்டா பேக் இருக்கிறதா என்று கிண்டல் செய்தார்.

பொறுக்க முடியாமல் அந்த வெள்ளைப் பக்கத்தில், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதி, பதில் எழுதக் கீழே ஒரு கட்டம் வைத்தேன். மறுநாள் சங்கு ஓய்ந்ததும் பதில் வந்தது.

“தம்பி, வந்துட்டியாடா? அப்பாடா. அதே வூடுதான். வடக்குத்து டேங்க் பக்கத்துல.”

அன்றே கணவரை அழைத்துக்கொண்டு, டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்துக்கு ஓடினேன். பதில் எழுதியவர் ஒரு பெரியவர், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். வேலை தேடச் சொல்லித் திட்டியதில் மகன் வீட்டைவிட்டுப் போய்விட்டானாம். தகவலே இல்லை. அந்த ரிப்பேர் தளம் அவன் தன் பெயரிலேயே நடத்தியது; அவன் போட்டோ இருந்தது அந்தப் பக்கத்தில்தான். தளம் மூடிய பிறகும், மேலே முகவரியில் மகன் பெயராவது தெரிகிறதே என்று தினமும் திறந்து பார்த்திருக்கிறார்.

“திடீர்னு எழுத்து வந்துச்சுங்க. அவன்தான் எங்கியோ இருந்துகினு பணம் கட்டித் தொறந்துட்டான்னு நெனச்சேன்.”

திறந்தது நான்தான் என்று சொன்னேன். பாவி, நானே அவர் மகனைக் கொண்டுவந்து நானே பறித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூடிடாதீங்கம்மா. அவன் எப்பனா தன் பேரப் போட்டுப் பாத்தா, கதவு சாத்திக் கெடக்கக் கூடாது.”

இணையத்தில் தங்கியிருந்த பழைய பிரதியைத் தேடிப் பிடித்து, மகனின் போட்டோவை அதே பக்கத்தில் மறுபடி வைத்தேன். கீழே, அவர் சொல்லச் சொல்ல, வீட்டுக்கு வா, யாரும் எதுவும் கேட்க மாட்டோம் என்று எழுதினேன். முந்திரி விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு காலை, சங்கு ஓய்ந்தது. எப்போதும் ஒருவர் என்று காட்டும் அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் என்று இருந்தது. ஒருவர் நெய்வேலி. இன்னொருவருக்கு ஊர்ப் பெயர் காட்டவில்லை. வெகுநேரம் இருவருமே நகரவில்லை. வழிதவறி வந்த யாராகவும் இருக்கலாம். பெரியவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, காலியாகக் கிடக்கும் எந்தப் பெயரைக் கண்டாலும், அதன் வாசலில் யாரோ காத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.