எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணி

இவ்வளவு நாளும் செஸ் புத்தகங்களைக் கைபேசியில்தான் படித்தேன். தொட்டால் காய்கள் தாமாகவே நகரும். பலகையே தேவையில்லை.

இன்று ஒரு அச்சுப் புத்தகத்தோடு சாவகச்சேரியில் ஒரு தேநீர்க்கடைக்குப் போனேன். புத்தகத்திலுள்ள ஆட்டத்தை நகர்த்திப் பார்க்க, கொண்டுபோன பலகையை விரித்து, இரண்டு பக்கமும் காய்களை அடுக்கினேன்.

கடைக்கார அண்ணை இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்து, ஒன்றை எதிர்ப்பக்கம் வைத்தார்.

“நான் ஒண்டுதானே அண்ணை சொன்னனான்?”

“ஏன், மற்றவர் வரேல்லையோ?”

புத்தகத்தைக் காட்டி விளக்கியிருக்கலாம். “இப்ப வந்திடுவார்” என்று சொல்லிவிட்டேன்.

கைபேசியில் படித்தபோது ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

கறுப்புக் காய்களின் பக்கம் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது. என்னைவிட அண்ணைதான் அடிக்கடி வாசலைப் பார்க்கிறார்.

இதை வாசிப்பவர்களில் யாராவது சாவகச்சேரிப் பக்கம் நிற்கிறீர்களா? செஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.