மேல் ஒரு விரல் மண்

இந்த ஊரில் கடலைக் குளிர் அறைக்குள் வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே போய், நீளக் குழாயில் கிடக்கும் கடலடிச் சேற்றிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வருவேன். தொண்ணூற்றிரண்டில் ஜெர்மனியின் கீல் நகருக்கு வந்தேன்; என்ன வேலை பார்க்கிறேன் என்று கேரள எல்லையோரம் எங்கள் ஊரான காரோட்டில் இருக்கும் அம்மாவுக்கு இன்னும் விளங்கவைக்க முடியவில்லை. சேற்றைச் சல்லடையில் கழுவி உலர்த்தினால் மணலைவிடப் பொடியான கூடுகள் மிஞ்சும். கடலின் மேல்மட்டத்தில் மிதந்து வாழ்ந்து, செத்து, அடியில் படிந்த ஒற்றைச் செல் உயிர்களின் கூடுகள், ஃபொராமினிஃபெரா என்பார்கள். அதில் ஓர் இனம், காற்று தள்ளி அடிக்கடலின் குளிர்நீர் மேலே வரும் காலங்களில்தான் கூட்டமாகப் பெருகும். அந்த நீர் வந்தால் கடலுக்குச் செழிப்பு. ஈரத் தூரிகை நுனியால் கூடுகளைப் பொறுக்கி எண்ணினால், பல்லாயிரம் வருடங்களுக்கு முன் அந்தக் கடல் கொழுத்திருந்ததா மெலிந்திருந்ததா என்று தெரிந்துவிடும். எண்ண எண்ணக் கண் சொக்கி, நானும் எங்கோ மெதுவாக அமிழ்ந்துகொண்டிருப்பதுபோல் இருக்கும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு குழாய் வந்தது. அதன் சீட்டிலிருந்த அட்சரேகை, தீர்க்கரேகையைப் படித்தேன். எங்கள் ஊர்க் கடல். யோசிக்காமல் ஒரு துளி சேற்றை நாக்கில் வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்து மீன்பிடிகாரர்கள் ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி, அதில் ஒட்டிவரும் சேற்றைச் சுவைத்துத்தான் எந்த இடத்துக்கு மேலே நிற்கிறோம் என்று அறிவார்கள். பெண்ணான என்னை வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள். ஆனால் அண்ணன் செல்வன் கரைக்கு ஒரு நுள்ளு சேறு கொண்டுவந்து என் நாக்கில் தடவி, "எந்த எடமாக்கும், சொல்லு பாப்பம்" என்பான். இதையெல்லாம் ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது? நான் சேற்றைச் சுவைத்ததைப் பார்த்த என் மேலதிகாரி ஹெல்கா பதறிப்போய், "பசிக்கிறதா?" என்று தன் ஆப்பிளை நீட்டினாள். வாங்கித் தின்றேன்.

அந்த வாரமே அண்ணனின் கடிதம் வந்தது. வலை வெறுமையாகவே திரும்புகிறதாம். ஓமானில் படகு வேலை உண்டென்று நெய்யாற்றின்கரை ஏஜெண்ட் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்கிறானாம். "நீ கடலுக்க அடிமண்ணப் பாக்கியவதானே. நம்ம கடல்ல இனி மீன் உண்டா? உண்டுண்ணு நீ சொன்னா நான் போவல்ல." ஞாயிறு பூசை முடிந்து பாறசாலை ஐ.எஸ்.டி. பூத்தில் காத்திருப்பதாக எழுதியிருந்தான். அவன் போனால் அம்மா வீட்டில் ஒற்றை ஆள். ஞாயிறன்று அந்த பூத்துக்கு ஃபோன் போட்டேன்.

"சொல்லு மக்கா, உண்டா?"

உண்டு என்ற ஒரு சொல் போதும், நின்றுவிடுவான். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான் எண்ணிய கூடுகளில் அடுத்த வருடம் இல்லை.

"அண்ணா, அந்த மண்ணு பழங்காலத்தத்தான் சொல்லும். வாற வருசத்தச் சொல்லாது."

"ஒரு விரலு கனம் மண்ணு எத்தற வருசமாக்கும்?"

"நூறு வருசத்துக்கு மேல காணும்."



"அப்ப நம்ம ஆயுசு முச்சூடும் சேத்தாலும் ஒரு விரலு வராது," என்று சிரித்தான். "செரி, நான் போறேன். அம்மைக்கு நீ மொடங்காம எழுது."

அண்ணன் ஓமானுக்குப் போய் ஆறு மாதமாகிறது. அதே கடலின் மறுகரையில் நல்ல மீன் படுகிறதாம். அன்று பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அதற்கும் வருந்தியிருப்பேன்.

நேற்று அந்தக் குழாயின் கடைசி வேலை. குழாயைக் கடலிலிருந்து தூக்கும்போது மேல் ஒரு விரல் மண் கலங்கிவிடும். அது எண்ணிக்கையில் சேராது. நம் காலத்து மண் அதுதான். கழுவி ஊற்றிவிடு என்றாள் ஹெல்கா. எனக்கு மனம் வரவில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் வழித்தெடுத்துக் குளிர் அறையிலேயே திரும்ப வைத்தேன். சீட்டில் வரிசை எண் எழுதவேண்டிய இடத்தில் தமிழில் காரோடு என்று எழுதினேன்.

இன்று காலை ஹெல்கா குப்பியைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு சீட்டிலிருந்த தமிழ் எழுத்துகளை வெகுநேரம் பார்த்தாள். "இது என்ன எண்?" என்று கேட்டாள்.