இன்று கடலில் இறங்கலாமா?

நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் வானிலை ஆபீஸ் உத்தியோகம். நடக்காவிட்டால் கேலி, நடந்துவிட்டால் பழி. யுத்த காலத்தில் ஆவடி ராணுவ முகாமில் அந்த உத்தியோகம் பார்த்தவன் நான். கம்பவுண்டர், ரயில்வே பாயிண்ட்ஸ்மேன், கல்யாணத் தரகர் என்று, தப்பாகப் போனால் தன் தலையில்தான் விடியும் என்று தெரிந்தே தினமும் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். நான் சொல்வது உங்களுக்கு உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல் பார்க்காத கடல் நிபுணன்

எங்கள் ஊர் மேனாம்பேட்டில் மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தவர்கள் அப்போது மிகக் குறைவு. அந்த ஒரு தகுதியில்தான் என்னை எடுத்தார்கள். முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மழை எவ்வளவு பெய்தது என்று பார்த்து எழுதுவதோடு சரி. அதற்குள் எண்ணூருக்கு வடக்கே ஒரு மணல்கரையில் சிப்பாய்களுக்குப் புதுப் பயிற்சி ஆரம்பித்தார்கள். படகிலிருந்து அலைக்குள் குதித்து, துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கரையேற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே இடத்தில் குளியல். அதனால் கடல் எப்படி இருக்கும் என்று முதல் நாளே தெரிய வேண்டும் என்றார் எங்கள் கேப்டன். தினமும் லாரியில் போய், கோடு போட்ட கழியை மணலில் நட்டு அலையின் உயரம் பார்ப்பேன். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தில் பார்ப்பேன். திரும்பி வந்து கேப்டனிடம் சொல்லி, முகாம் வாசலுக்கு உட்புறம் உள்ள கரும்பலகையில் அலை, காற்று, மழை மூன்றையும் எழுதுவேன். கடைசி வரி, இறங்கலாம் அல்லது இறங்கக் கூடாது. அடியில் என் கையெழுத்து.

அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் அம்பத்தூர் ஏரிதான். முதல் நாள் கழியை நட்டுவிட்டு, லாரி டிரைவர் எத்திராஜிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். பின்னாலிருந்து ஒரு அலை முழங்காலில் அடித்து என்னை உட்கார வைத்தது. எழுவதற்குள் அடுத்தது தலைக்கு மேல் போனது. காலுக்குக் கீழே இருந்த மணல் தானாக நகர்ந்து என்னைக் கடல் பக்கம் கொண்டுபோனது. செத்தேன் என்றே நினைத்தேன். எப்படியோ நாலு காலில் தவழ்ந்து கரைக்கு வந்தபோது வாய் நிறைய மணல். எத்திராஜ் முத்தாபுதுப்பேட்டைக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "ஏரின்னு நென்ச்சிகினியா நைனா? ஏரிக்கு மதகு கீது, மூடினா நிக்கும். இதுக்கு இன்னா கீது?"

குடை

யுத்த காலத்தில் மழை ஒரு ராணுவ ரகசியம் என்பது இப்போது பலருக்குத் தெரியாது. எதிரி விமானத்துக்கு உதவும் என்று பத்திரிகைகளில்கூட வானிலை போடமாட்டார்கள். வெளியே மூச்சு விட்டால் ஜெயில் என்று என்னிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். இதை ஊரில் யாரிடம் சொல்வது? ஏரிக்குக் கீழே நெல் முற்றி நிற்கிறது. அறுக்கலாமா, இரண்டு நாள் விடலாமா என்று கேட்டு ஆள் மேல் ஆள் வந்தார்கள். தெரியாது என்றால் நம்பவில்லை. சம்பளம் வாங்குகிறானே, தெரியாமலா இருக்கும் என்றார்கள். அண்டை வீட்டுக் கன்னியப்பன் மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நான் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். சாயங்காலம் நல்ல மழையில் திரும்பினால், மேனாம்பேட்டில் பாதிக் கழனி அறுத்து, கட்டுகள் பத்திரமாக உள்ளே போயிருந்தன. முகாமில் யாராவது இதைக் கவனித்து ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டினால் என்ன ஆகும்? கன்னியப்பனைத் தனியே இழுத்துப்போய், "யார் சொன்னது?" என்று கேட்டேன். அவர் நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நீ இன்னா சொன்னே, ஒண்ணும் சொல்லல. வெயில்ல குடை எடுத்துகினு போனே, நாங்க அருவாள எடுத்துகினு போனோம்." அந்தப் பருவம் முழுக்க நான் நனைந்துகொண்டேதான் வீடு வந்தேன். அதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை இருந்தது. "மத்த நாளெல்லாம் நனைஞ்சி ஜொரம் வந்தாலும் பரவால்ல, பெரிய மழ வர்ற ஒரு நாளு மட்டும் எடுத்துகினு போ நைனா, எங்க கடலக்கா இன்னும் காயல."

மூன்றாவது லாரி

ஒரு ஞாயிறு. அலை சின்னது, காற்று மெல்லியது, இறங்கலாம் என்று எழுதியிருந்தேன். மூன்று லாரி நிறையச் சிப்பாய்கள் பாட்டும் கூத்துமாகக் குளிக்கப் போனார்கள். மத்தியானம் கிழக்கே கறுத்தது. என் பலகையில் இல்லாத கறுப்பு. காற்று திடீரென்று திரும்பி, எங்கள் கொட்டகைக் கூரையில் இரண்டு ஓலையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஆவடியில் இப்படி என்றால் கரையில் எப்படி இருக்கும்? வாசலில் போய் நின்றேன். பின்னால் பலகையில் என் எழுத்து மழையில் கரைந்து வழிந்தது. கையெழுத்து மட்டும் கெட்டியாக அழியாமல் இருந்தது.

முதல் லாரி வந்தது. ஈரத் தலைகளை எண்ணினேன். இரண்டாவது வந்தது. மூன்றாவது வரவில்லை. கேட்டால், எங்களுக்குப் பின்னாலேயே புறப்பட்டது என்கிறார்கள். ஒருவன், அதில் ஏற வேண்டியவர்கள் அப்போது இன்னும் தண்ணீரில் இருந்தார்கள் என்றான். அதற்குப் பிறகு நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுதப் போவதில்லை. மணலில் வரிசையாகப் படுக்க வைத்திருப்பதைப் போல ஒரு காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை என்று மட்டும் சொல்கிறேன். பொழுது சாயும் நேரத்தில் அந்த லாரி ஒரு பக்கம் சாய்ந்தபடி ஊர்ந்து வந்தது. வழியில் சக்கரம் பஞ்சர். சேலத்துச் சிப்பாய் ஒருவன் குதித்து இறங்கி, வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தான். "மழையில குளிச்சது கடல்ல குளிச்சத விட சுகமா இருந்துச்சுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் இப்படியே எழுதுங்க."

மங்கா கேட்டது

என் மனைவி மங்காவின் தம்பி தேவராஜ். எங்கள் வீட்டில் வளர்ந்தவன். மங்காவுக்குப் பிள்ளை மாதிரி. திடீரென்று ஒரு நாள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டு வந்து நின்றான். போகட்டும், சமையற்கட்டிலோ ஸ்டோரிலோ போடுவார்கள் என்றிருந்தோம். அவனைக் கொண்டுபோய்ப் படகுப் பயிற்சி எடுக்கும் சிப்பாய்க் கம்பெனியில் போட்டார்கள். அவனுக்கு நீச்சல் தெரியாது. அயனம்பாக்கம் ஏரியில் சின்ன வயதில் ஒரு முறை முழுகி எழுந்ததிலிருந்து முழங்கால் தண்ணீருக்கு மேல் போகமாட்டான்.

அதுவரை என் பலகையைப் பற்றி மங்கா ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவன் போகிற அன்றைக்கெல்லாம் கூடாது என்று எழுதிவிட முடியாதா என்று கேட்டாள். அப்படியெல்லாம் எழுத முடியாது என்றேன். அலை பெரிதா சின்னதா என்பது கழியில் தெரிகிறது, நான் என்ன செய்ய என்றேன். நான் சொன்னது எனக்கே சப்பென்று இருந்தது. அவள் கோபப்படவில்லை. தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு விட்டாள். "கழி சொல்றத எழுதுங்க. ஆனா அவனுக்கு ஒண்ணுன்னா, கழி வந்து எனுக்குப் பதில் சொல்லாது."

எண்ணெய் ஊற்றினாற்போல் ஒரு கடல்

மழைக்காலம் முடியும் சமயம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, இலை அசையவில்லை. ஆனால் அன்று கரையில் கடிகாரத்தைப் பிடித்தபோது அலைக்கும் அலைக்கும் நடுவே நேரம் நீண்டுகொண்டே போயிற்று. எங்கோ தூரத்தில் புயல் இருந்தால்தான் இப்படி வரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தவரே கேப்டன்தான். யுத்தம் என்பதால் கடலில் இருக்கும் கப்பல்கள் ரேடியோவில் வாய் திறப்பதில்லை. அதனால் அவருடைய வரைபடத்தில் புயல் எதுவும் இல்லை. நான் சொன்னதை நம்பி, இறங்கக் கூடாது என்று எழுதச் சொன்னார். எழுதினேன். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். முகம் வேறு மாதிரி இருந்தது. இன்றைக்குப் போக வேண்டிய கம்பெனியில் உன் மைத்துனன் இருக்கிறானாமே என்றார். ஆமாம் என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு, வா, போய்ப் பார்க்கலாம் என்றார்.

கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் படுத்துக் கிடந்தது. கழியின் அடிக்கோட்டைக்கூடத் தண்ணீர் தொடவில்லை. கேப்டன் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உண்மையில் அலைதான் தாமதமாக வந்ததா, அல்லது மங்காவின் முகத்தை நினைத்துக்கொண்டு நான்தான் தாமதமாகக் கடிகாரத்தைப் பார்த்தேனா? எனக்கே நிச்சயமில்லை. கடைசியில், கம்பெனியை வரச் சொல்லலாம் என்று சொல்லிவிட்டுக் கேப்டன் லாரிப் பக்கம் நடந்தார். எத்திராஜ் முகம் கழுவத் தண்ணீரில் இறங்கியிருந்தார். அப்போதுதான் தூரத்தில் ஒரு கோடு எழுந்தது. அது வந்த வேகத்தைவிட அது வந்த அமைதிதான் பயமாக இருந்தது. மணல்திட்டில் மோதி உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னும் பெரிது. நுரை வடிந்தபோது எத்திராஜ் நின்ற இடத்தில் யாருமில்லை.

கேப்டன் பூட்ஸைக் கழற்றக்கூட நிற்கவில்லை, அப்படியே ஓடிப் பாய்ந்தார். பிறகு எப்படியோ நானும் கழியைப் பிடுங்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். கத்தினேனா அழுதேனா ஞாபகமில்லை. ஒரு கையில் எத்திராஜின் சட்டையைப் பிடித்தபடி கேப்டன் நுரைக்குள்ளிருந்து வந்தார். நீட்டிய கழியின் நுனியை அவர் பிடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கரையில் மூவரும் குப்புறக் கிடந்தோம். பயிற்சி இன்றைக்கு இல்லை என்று மட்டும் கேப்டன் சொன்னார். குடித்த தண்ணீரையெல்லாம் கக்கி முடித்த எத்திராஜ் என் பக்கம் திரும்பினார். "எனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒனுக்குத் தெரியும். போர்டுல எழுதினத வாயால ஒரு தபா சொல்லக்கூடாதா நைனா?"

பர்மாவிலிருந்து வந்தவன்

சில வாரங்களில் தேவராஜின் கம்பெனியைக் கப்பலில் ஏற்றினார்கள். எங்கே என்று சொல்லமாட்டார்கள். அதன் பிறகு என் பயம் வேறு விதமாக ஆயிற்று. நான் தினமும் பார்க்கிற கடலின் அக்கரையில்தான் அவன் எங்கோ இறங்கப் போகிறான். அந்தக் கரைக்கு எவனோ ஒருவன் பலகை எழுதுவான். அவன் கழியை நேராக நடுவானா, கடிகாரத்தை ஒழுங்காகப் பார்ப்பானா? மங்கா தினமும் சாயங்காலம், அங்கே எப்படி இருக்கும் என்று கேட்பாள். நல்லாத்தான் இருக்கும் என்பேன். என் உத்தியோகத்தில் அளக்காமல் சொன்ன வானிலை அது ஒன்றுதான்.

யுத்தம் முடிந்து அவன் வந்தான். பாதி ஆளாக இளைத்து, ஒரு காது கேட்காமல் வந்தான். மங்கா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பர்மாக் கரையில் இறங்கிய கதையைக் கேட்க நான் பல நாள் தைரியப்படவில்லை. ஒரு நாள் அவனே ஆரம்பித்தான், என் முகத்தைப் பார்க்காமல். "எங்களுக்கும் ஒருத்தர் எழுதிக் குடுத்தாரு மாமா. அலை சின்னது, எறங்கலாம்னு. எறங்கினா கழுத்து மட்டும் தண்ணி. பக்கத்துல வந்த ரெண்டு பேரக் காணோம். கரையேறி அல்லாரும் அவர திட்னாங்க. என்னால திட்ட முடில. நாங்க தண்ணில இருக்கற அன்னிக்கு நீங்க சோத்துல கை வெக்க மாட்டீங்கன்னு அக்கா சொல்லும். அந்த ஆளும் அன்னிக்குத் துன்னிருக்க மாட்டார்னு அங்க எனுக்கு மட்டும்தான் தெரியும்."

அந்த மாதமே நான் வேலையை விட்டுவிட்டு ஊரில் பிறப்பு இறப்பு எழுதும் உத்தியோகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு சௌகரியம், எதையும் நடந்து முடிந்த பிறகு எழுதினால் போதும்.